ஒன் பிட்ச் கேட்ச்

பிள்ளைகளே, நான் கிரிக்கெட் கற்றது மைதானத்தில் இல்லை, முட்டுச்சந்தில். அங்கே எல்லாவற்றுக்கும் நாங்களே பெயர் வைத்திருந்தோம். கையை மடக்கிப் பந்தை எறிந்தால் ‘மாங்கா’. இரண்டு அணிக்கும் ஆடுகிறவன் ‘காமன்’. தரையில் ஒரு தடவை குத்தி எழும்பும் பந்தை ஒற்றைக் கையால் பிடித்தால் அடித்தவன் அவுட். அது ‘ஒன் பிட்ச் கேட்ச்’.

பத்தாவதோடு கப்பலூரில் லேத் வேலைக்குப் போனவன் நான். மகளுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு முழுசாகத் தெரிந்த பாடம் இதுதான். தினமும் மொட்டைமாடியில் பழக்கினேன்.

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பெண் பிள்ளைகள் அணிக்கு ஆள் எடுத்தார்கள். போன வருஷம் அவளைக் கழித்துவிட்டார்கள். இந்த வருஷமும் விட்டால் வயது தாண்டிவிடும்.

தேர்வு ஆட்டத்தில் அவள் பக்கம் பந்து குத்தி எழும்பியது. மகள் பாய்ந்து இடது கையால் பிடித்தாள். பிடித்தவள் எறியவில்லை. பந்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றாள். டிவியில் எத்தனையோ ஆட்டம் பார்த்தவள்தான். ஆனால் பழக்கம் முந்திக்கொண்டது.

“என்னம்மா நிக்கிற? ரெண்டு ரன் ஓடிட்டாளுக” என்றார் பயிற்சி கொடுக்கிற அம்மா.

“ஒன் பிட்ச், மேடம்...”

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். என்னால் சும்மா நிற்க முடியவில்லை. எல்லைக் கயிற்றைத் தாண்டி உள்ளே போனேன்.

“மேடம், தப்பு எம்மேலதான். எங்க தெருவுல அது அவுட்டு.”

“அண்ணே, மொதல்ல வெளிய போங்க.”

போனேன். அந்த அம்மா தானே மட்டையை எடுத்து, இவள் பக்கம் பந்தைத் தரையோடு அடித்தார். இடது பக்கம், வலது பக்கம், மறுபடி இடது. ஒன்றை விட்டாள். மற்றதையெல்லாம் ஒற்றைக் கையில் அள்ளி, அள்ளிய வேகத்தில் எறிந்தாள்.

பெயரை எழுதிக்கொண்டு என் பக்கம் வந்தார். “கை நல்லாருக்கு. எடுத்துக்கிறேன். ஆனா இனிமே நீங்க ஒண்ணும் சொல்லிக்குடுக்காதீங்கண்ணே.”

தலையாட்டினேன்.

திரும்பும்போது பைக்கின் பின்னால் இருந்து மகள் கேட்டாள்: “ஏம்ப்பா, வேற எதெல்லாம் நம்ம தெரு ரூலு? இப்பவே சொல்லிரு. திரும்ப அசிங்கப்பட முடியாது.”

“அடுத்த வீட்டு காம்பவுண்டுக்குள்ள அடிச்சா அவுட்டு.”

“அது எனக்கே தெரியும்.”

“மொதப் பந்து ட்ரையல். கணக்குல வராது.”

“அதுவுமா?” என்றாள்.

வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.