மீன் சட்டியில் ஊறிய துப்பாக்கி

அக்கா மீன் குழம்பு வைக்கிற மண்சட்டியில் துப்பாக்கியின் போல்ட்டும், ட்ரிகர் வளையமும், நாலைந்து திருகாணிகளும் ஊறிக்கொண்டிருந்தன. புளித்தண்ணீர் மை மாதிரி கறுத்திருந்தது. அதன்மேல் மண்ணெண்ணெய் ஏடு கட்டியிருந்தது. பழைய கிரீஸ் போவதற்காக முதலில் மண்ணெண்ணெயில் போட்டு, அதைச் சரியாகக் கொட்டாமலே புளியைக் கரைத்து ஊற்றியிருந்தார் மாமா. அக்காவின் கணவரைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசி. சிட்லபாக்கத்தில் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி அவர்கள் வீடு. நான் ஒரு நாளிதழில் ப்ரூஃப் ரீடராகச் சேர்ந்திருந்தேன். தாம்பரம் சானடோரியத்தில் ரயிலேறி வேலைக்குப் போவேன். முன்னறையில் படுக்கை, மூன்று வேளையும் அக்கா கையால் சாப்பாடு. மாமா ராணுவத்திலிருந்து வந்தவர். மறைமலை நகரில் கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் காவலாளி. சொந்தமாக லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களைத்தான் அங்கே எடுப்பார்கள். துப்பாக்கி இல்லையென்றால் வேலை இல்லை. அவருடையது இன்னொரு ராணுவத்துக்காரரிடம் வாங்கிய பழைய ரைபிள்.

ஆயுத பூஜைக்குக் காவலாளிகளின் துப்பாக்கிகளை வரிசையாக வைத்துச் சந்தனம் பூசுவார்கள். அந்த வருடம் புது செக்யூரிட்டி ஆபீசர் வந்திருந்தார். பளிச்சென்று இருக்கிற ஆளுக்குத்தான் மெயின் கேட் என்று சொல்லிவிட்டாராம். மாமாவுக்கு அதுவரை பின்பக்கக் காம்பவுண்டு, சாக்கடை ஓரம்.

"கறுப்பா இருந்தா எவன் பார்ப்பான்? வெள்ளி மாதிரி ஆக்கிடறேன் பாரு மச்சான்" என்றார்.

துப்பாக்கி இரும்பின் கறுப்பு அழுக்கல்ல, துரு பிடிக்காமலிருக்க ஏற்றிய பூச்சு. ராணுவத்தில் பதினைந்து வருடம் துப்பாக்கி துடைத்தவருக்கு அது தெரியாமலிருந்திருக்காது. தெரிந்தேதான் செய்தார்.

லீவு போட்டு நாலு நாள் இதைச் செய்தார். சாப்பிடுகிற பாயை விரித்து, நான் வீட்டுக்குக் கொண்டுவரும் பேப்பரை அதன்மேல் பரப்பி, பனியனோடு உட்கார்ந்துகொள்வார். புளியில் ஊறியதும் கறுப்பு தோல் மாதிரி உரிந்து வந்தது. அதை அக்காவின் டூத் பிரஷ்ஷால் தேய்த்தார். பழையது அல்ல, அவள் அன்று காலை பல் துலக்கியது. பிறகு உப்புத்தாள். தேய்க்கத் தேய்க்கக் கறுப்புக் கூழ் விரலிடுக்கில் வழியும். அந்தக் கையோடு எழுந்து தண்ணீர்க் குடத்துக்குள் சொம்பை விடுவார். குடத்தின் கழுத்தில் ஐந்து விரலும் பதிந்திருக்கும். அக்கா துடைப்பாள். மறுபடி பதியும்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கோவளத்திலிருந்து வரும் மீன்காரம்மாவிடம் அக்கா சங்கரா வாங்கியிருந்தாள். சட்டியைச் சாம்பல் போட்டு மூன்று முறை கழுவியும், குழம்பில் மண்ணெண்ணெய் அடித்தது. எனக்கு இரண்டாவது கவளம் இறங்கவில்லை. மாமா முள்ளை உறிஞ்சியபடி, "இன்னாடி, காரம் பத்தல" என்றார்.

அன்று மாலைதான் நான் அதைப் பார்த்தேன். ரைபிளின் உடம்பில், இடது பக்கம், எண் பொறித்திருக்கும் இடம். அதைச் சுற்றித் துரு அரித்த புள்ளிகள். அந்தப் புள்ளிகள் மறைய வேண்டுமென்று உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். எண் ஏற்கெனவே மேலோட்டமாகத்தான் இருந்தது. கடைசி இரண்டு இலக்கங்கள் கோடுகளாகிவிட்டிருந்தன.

"மாமா, நம்பர் போயிடும்."

"நீ பேப்பர்ல தப்பு பாரு மச்சான். இது இரும்பு."

அக்கா அப்போது பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். இரவு அவளிடம் மட்டும் சொன்னேன்.

பூஜையன்று ரைபிள் உண்மையிலேயே எவர்சில்வர் பாத்திரம் மாதிரி இருந்தது. ஆபீசர் அதைத்தான் முதலில் கையில் எடுத்தாராம். லைசென்ஸ் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து, சந்தனத்தைத் துடைத்துப் பார்த்து, "நம்பர் எங்கய்யா?" என்றாராம். நம்பரை அழித்த துப்பாக்கி போலீஸ் விவகாரம். ரைபிளை வாங்கிப் பூட்டிவிட்டு, மூன்று நாளில் எழுத்தில் விளக்கம் தரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மாமா வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அக்காவைக் கூப்பிட்டார்.

"பூஜைக்குச் சுத்தம் பண்றேன்னு தெரியாம நான்தான் தேய்ச்சிட்டேன்னு எழுதிக் குடு. பொம்பளை செஞ்சதுன்னா விட்டுடுவாங்க. நான்னு சொன்னா உள்ள வெச்சிடுவான்."

"நான் எங்க தேய்ச்சேன்? சட்டியைக் கழுவினதோட சரி."

"கழுவினல்ல? அப்ப கைய வெச்ச மாதிரிதான்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் பார்த்திருந்தேன் என்பது அவளுக்குத் தெரியும். நான்தான் அவளிடம் சொல்லியிருந்தேன். மாமாவும் என் பக்கம் திரும்பினார். "மச்சான், நீதான் அழகா எழுதுவியே. உக்காரு."

உட்கார்ந்தேன். அதே பாய். ஒரு முழுத்தாள் எடுத்து, ஓரம் விட்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். 'படிப்பறிவில்லாத குடும்பப் பெண்ணாகிய நான்' என்று தொடங்கி, 'கணவர் உறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், அவருக்குத் தெரியாமல்' என்று போட்டேன். நல்ல வாக்கியங்கள். இன்றும் எனக்கு வரி வரியாக நினைவிருக்கிறது.

அக்கா வாங்கி முழுவதும் படித்தாள். "நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ்டா" என்றாள் என்னிடம்.

"அப்படிப் போட்டாத்தான் நம்புவாங்கக்கா."

"எட்டாவது ஃபெயிலான உங்க மாமாவுக்கு எப்படிப் போடுவ?"

மாமா சிரித்தார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

கம்பெனி கடிதத்தைப் போலீசுக்கு அனுப்பியது. நம்பினார்கள். அவளை ஸ்டேஷனுக்கு வரவழைத்து, பெஞ்சில் அரைநாள் உட்கார வைத்து, ஒரு ஏட்டு, "இனிமே சட்டி பானையோட நிறுத்திக்கம்மா" என்று சொல்லி அனுப்பினார். ரைபிளின் மரக்கட்டையைக் கழற்றியதில் பேரலுக்கு அடியில் அதே எண் இன்னொரு முறை பொறித்திருந்தது. அதை வைத்து லைசென்ஸைச் சரிசெய்தார்கள். மாமாவின் வேலை நிலைத்தது. இரண்டு மாதத்தில் மெயின் கேட்டும் கிடைத்தது.

ஆனால் கறுப்புப் பூச்சு போன இரும்பு மழைக்காலத்தைத் தாங்கவில்லை. ஏரிப் பக்கத்து ஈரத்தில் வாரத்துக்கு ஒருமுறை செம்மண் நிறத்தில் பூத்தது. ஞாயிறுதோறும் கழற்றி, தேய்த்து, எண்ணெய் போட வேண்டியிருந்தது. முதல் ஞாயிறு மாமா பாயை விரித்து, பாகங்களைப் பரப்பிவிட்டு, கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டார்.

"நீதான் தேய்க்கிறவன்னு ஸ்டேஷன்லயே எழுதி இருக்குதே, உக்காந்து தேய்" என்றார் அக்காவிடம்.

அக்கா உட்கார்ந்தாள். நான் அங்கே இருந்த மேலும் ஒரு வருடம் ஞாயிறுதோறும் அவள்தான் தேய்த்தாள். முடித்ததும் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து எனக்குச் சோறு போடுவாள். அப்போதும் அவள் விரல்களில் இரும்பு நாற்றம் இருக்கும். ஒரு நாளும் நான் தட்டைத் தள்ளி வைத்ததில்லை.