எதெல்மிரா தன் வீட்டை இழுத்துக்கொண்டு போனது

எதெல்மிராவுக்கு அழுகை வரவில்லை. லெமுய் தீவில் எல்லாருக்கும் அதுதான் பெரிய குறை. புருஷன் நொல்பெர்த்தோ தெற்கே மெலிங்கா துறைமுகத்தில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான், அவளிடம் அவனுக்கு ஒரு குழந்தைகூட இருக்கிறது என்று தெரியவந்த அன்றும் அவள் வழக்கம்போல மீன் தொழிற்சாலைக்குப் போய், நாள் முழுக்க சால்மன் மீனுக்கு முள் பிடுங்கிவிட்டுத்தான் வந்தாள். பனிக்கட்டித் தண்ணீரில் கிடந்து விரல்கள் மரத்துப்போன மாதிரி மனசும் மரத்துப்போச்சு என்று சொன்னாள். சொல்லிவிட்டு உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்துவிட்டாள்.

விவாகரத்து என்று ஆனபிறகு அவள் கேட்டது ஒன்றே ஒன்று, வீடு. அந்த மரவீட்டின் பலகைகளை வருஷக்கணக்காகத் தன் கூலியில் வாங்கிச் சேர்த்தவள் அவள். வீடு நின்ற மண் மட்டும் நொல்பெர்த்தோவின் அப்பா கொடுத்தது.

தங்கை உபெர்லிந்தாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "உனக்கு ரத்தமே சுண்டிப்போச்சாக்கா? கோர்ட்டுக்கு இழு அவனை. மானத்தைக் கப்பலேத்து!"

"அவனே கப்பல்லதான்டி திரியறான்" என்றாள் எதெல்மிரா.

ஆனாலும் தங்கையின் நச்சரிப்புக்காகப் படகேறி காஸ்த்ரோ நகரத்துக்குப் போய் ஒரு வக்கீலைப் பார்த்தாள். அவருக்கு ஒரே உற்சாகம். "இது அல்வா மாதிரி கேஸ்மா. அவரோட தம்பிங்களையே கூண்டுல ஏத்தி, அண்ணன் யோக்கியதையைச் சொல்ல வச்சிடலாம். ஜெயிச்ச மாதிரிதான்."

"வீடு கிடைக்குமா?"

"கிடைக்க வச்சிடலாம். அதை அங்கேயிருந்து கொண்டுபோறது உங்க பாடு."

அந்தப் பாடுதான் பெரும்பாடு. எங்கள் தீவில் வீட்டை இடம் மாற்றுவது ஒன்றும் அதிசயமில்லை. கால்மரங்களிலிருந்து அறுத்து விடுவித்து, அடியில் உருட்டுக்கட்டை கொடுத்து, ஏர்மாடு பூட்டி இழுத்துக்கொண்டு போவோம். அதற்குக் கூலிக்கு ஆள் கிடைக்காது. வீட்டுக்காரி வாசல் வாசலாக ஏறி வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்டால் வருவார்கள், இழுத்து முடித்ததும் அந்த வீட்டிலேயே சாப்பாடு. அவள் ஊரில் மாடெல்லாம் புருஷன் வீட்டார் கையில்.

கொழுந்தன் எலெயுத்தேரியோ விறகு பிளந்துகொண்டிருந்தான். வக்கீல் சொன்னதைச் சொல்லி மாடு கேட்டதும் கோடாரியைக் கட்டையில் இறக்கினான்.

"அண்ணன் செஞ்சது கழிசடைத்தனம் அண்ணி. அதை அவன் மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டேன். ஆனா என்னைக் கூண்டுல நிறுத்தி அவனைத் திட்ட வச்சிட்டு, மறுநாள் மாட்டைக் கொண்டான்னா எப்படி? ஜட்ஜ் வீட்டைக் கொடுப்பார். மாட்டைக் கொடுப்பாரா?"

அவன் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. வழக்குப் போட்டால் ஊர் ரெண்டுபடும். தீர்ப்பு கையில் இருக்கும், வீடு நொல்பெர்த்தோவின் மண்ணிலேயே நின்று மழையில் உளுத்துப்போகும். வழக்கு வேண்டாம், உட்கார்ந்து பேசிச் சமரசமாக முடித்துக்கொள்ளலாம் என்று அன்றே சொல்லி அனுப்பினாள். மன்னிப்பும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. "போ, போய் அவன் காலைப் பிடி" என்று உபெர்லிந்தா கதவை அறைந்து சாத்தினாள்.

சமரசம் பேசிவைக்க கோர்ட்டிலிருந்து வந்த பெண் பிலார், தலைநகரத்துக்காரி, தீவுக்குப் புதுசு. நொல்பெர்த்தோ தொப்பியைக் கையில் திருகியபடி எதிரே உட்கார்ந்திருந்தான்.

"நிலம் எங்கப்பாவோடது" என்றான்.

"வீடு என்னோடது" என்றாள் எதெல்மிரா.

பிலார் பேனாவைக் கீழே வைத்தாள். "சரி, நிலத்தையும் வீட்டையும் எப்படிங்க தனித்தனியா பிரிக்கறது?"

ரெண்டு பேரும் ஒரே குரலில், "இழுத்துட்டுப் போறதுதான்!" என்றார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர்கள் ஒத்துப்போன விஷயம் அது. எதெல்மிராவுக்கு அப்போதும் எதுவும் தோன்றவில்லை. கையெழுத்துப் போடும்போது அவன் மெல்ல, "நானும் வந்து இழுக்கறேன். வரலைன்னா ஊரே காறித் துப்பும்" என்றான். "வா" என்றாள்.

இழுப்பன்று ஊரே திரண்டது. அவளுடைய அம்மா விட்டுப்போன மேட்டுநிலம் வரை வீடு முனகிக்கொண்டே ஏறியது. முன்மாட்டை ஓட்டியவன் நொல்பெர்த்தோதான். யாரையும்விட அதிகமாகக் கத்தியதில் அவன் தொண்டை கட்டிப்போனது. அவள் வீட்டுக்குப் பின்னால் நடந்து வந்தாள். இப்போதாவது அழுவாள் என்று அவள் முகத்தையே பார்த்துவந்த பெண்களுக்கு ஏமாற்றம்தான்.

சாயங்காலம், மண்ணில் குழி தோண்டிச் சுட்ட கல் பரப்பி மூடிவைத்திருந்த குழியடுப்பைத் திறந்து சிப்பியும் பன்றிக்கறியும் கிழங்கு அடையும் எடுத்தார்கள். மழை பிடித்துக்கொண்டது, எல்லாரும் உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். கடைசியாக மாட்டைக் கட்டிவிட்டு வந்த நொல்பெர்த்தோ, கதவைத் தள்ளிக்கொண்டு சேற்றுக்காலோடு நுழைந்து, அடுப்போர பெஞ்சில் தன் வழக்கமான மூலையில் காலை நீட்டி உட்கார்ந்தான். அவள் கை தானாக மாட்டே என்னும் இலைத் தேநீரை ஊற்றி அவனிடம் நீட்டியது. அவனும் வாங்கி உறிஞ்சிக்கொண்டே, தன் படகைப் பார்க்க ஜன்னல் பக்கம் திரும்பினான்.

ஜன்னலில் கடல் இல்லை. யாரோ ஒருவருடைய கிழங்குத் தோட்டம் நனைந்துகொண்டிருந்தது.

நொல்பெர்த்தோ கோப்பையை வைத்தான், தொப்பியை எடுத்தான், எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினான். "ஒழிஞ்சான்" என்றாள் உபெர்லிந்தா.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. இத்தனை வருஷத்தில் அவன் அந்தக் கதவைத் தட்டியதே இல்லை.

"யாரு?" என்றாள் எதெல்மிரா, தெரிந்துகொண்டே.

"நொல்பெர்த்தோ பாரியா. வீடு இழுக்க வந்தவன்."

தாழ்ப்பாளில் கை வைத்தவளுக்கு அழுகை வந்துவிட்டது. நெற்றியைக் கதவில் முட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். எழப்போன உபெர்லிந்தாவை எலெயுத்தேரியோ கையைப் பிடித்து உட்காரவைத்தான். வெளியே மழையில் நின்றவன் மறுபடி தட்டவில்லை.

எதெல்மிரா முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"உள்ள வாங்க" என்றாள். "சாப்பாடு ஆறிடும்."