கோபத்துக்குக் கரண்ட்

தையல்காரிக்கு மறதி இருந்தது உண்மைதான். மருத்துவமனையில் மயக்க ஊசி போட்டு நெற்றிப்பொட்டில் கரண்ட் வைத்த அந்த வாரங்களும், அதற்கு முந்தைய கொஞ்ச காலமும் அவள் நினைவில் இல்லை. ஆனால், பிள்ளை பெற்ற பிறகு சுவரையே பார்த்துக் கிடந்தவளை எழுப்பி உட்காரவைத்துச் சாப்பிட வைத்ததும் அதே கரண்ட்தான். அதன்மேல் அவளுக்கு மனக்குறை கிடையாது.

குறையெல்லாம் அந்த மறதியில் குளிர்காய்ந்த புருஷன்மேல்தான்.

அவள் வீடு திரும்பியபோது ஜன்னலோரம் தையல் மெஷின் இல்லை. கல்யாணத்துக்கு முன்பே தன் உழைப்பில் வாங்கியது.

"புள்ள பொறந்தப்புறம் நீதானே விக்கச் சொன்ன? உன் வாயாலயே சொன்ன. கரண்ட்ல மறந்துபோச்சு" என்றான்.

அவளும் நம்பித் தொலைத்தாள். அதோடு விட்டானா? வீட்டில் எதைக் கேட்டாலும் "மறந்துட்ட" என்ற ஒரே பதில்தான். "கரண்ட் வெச்ச தலை, பாவம்" என்று மாமியார் பக்கத்து வீட்டில் உச்சுக் கொட்டும்போது அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். குரல் கொஞ்சம் உயர்ந்தால் போதும், "டாக்டர்கிட்ட போலாமா?" என்று சிரிப்பான், படுபாவி.

ஒருநாள் அவள் சாப்பாட்டுத் தட்டை விசிறி எறிந்தாள். மறுநாளே கையோடு அதே மருத்துவமனைக்கு அழைத்துப் போனான்.

"ரொம்பக் கோவப்படுறா டாக்டர். இன்னொரு தடவை கரண்ட் வெச்சுடுங்க."

டாக்டரம்மா அங்கே புதியவர். முன்பு எப்படி இருந்தாள் என்று விசாரித்தார். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அளக்க ஆரம்பித்தான்.

"அதை ஏன் கேக்குறீங்க! புள்ள பொறந்ததுலேருந்து இங்க சேக்குற வரைக்கும் ஒரு வார்த்தை பேசலையே. தண்ணி வேணுமான்னு கேட்டாக்கூட வாயைத் தொறக்க மாட்டா. நான்தான் பேசிப் பேசி ஓஞ்சுபோனேன்."

தையல்காரி திரும்பி அவனைப் பார்த்தாள்.

"அப்ப மெஷினை விக்கச் சொன்னது யாரு?"

அவன் டாக்டரம்மாவிடம், "பாத்தீங்களா, இப்படித்தான் கத்துறா" என்றான்.

"கோவத்துக்கெல்லாம் நாங்க கரண்ட் வைக்கறதில்ல. அவங்க கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

தையல்காரி எழுந்துவிட்டாள்.

"எந்தக் கடையில வித்தீங்கன்னு இப்பவே வந்து காட்டுங்க. மறந்துபோச்சுன்னு மட்டும் சொன்னீங்க..."

அவன் எழுந்து வரும்வரை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.