டாக்டர் இன்னாசி தன் கொள்ளுத்தாத்தாவைப் பற்றிப் பேசிய ஞாயிற்றுக்கிழமை

பெப்பர்மின்ட் வாசனை அடிக்கும் சிவப்பு இருமல் மருந்து... பெரிய ஜாடியிலிருந்து அதைச் சின்ன பாட்டில்களில் ஊற்றி வைப்பதுதான் என் முதல் உத்தியோகம். பினாங்கில் டத்தோ கிராமாட் வட்டாரத்தில், டாக்டர் இன்னாசியின் கிளினிக்கில்.

ஒரு நோயாளி வெளியே போய் அடுத்தவர் உள்ளே நுழைவதற்குள் டைப்ரைட்டர் சத்தம் கேட்கும். இரண்டு விரலாலேயே நாலு வரி தட்டிவிடுவார். பினாங்குத் தமிழர்களின் சரித்திரம்.

காய்ச்சல் என்று வந்தவரிடம் நாக்கை நீட்டச் சொல்வார். அடுத்த கேள்வி, "உங்க பாட்டன் என்ன வேலைக்குக் கப்பல் ஏறி வந்தாரு?"

தைப்பூசத்துக்கு எனக்கு லீவு கொடுத்துவிட்டு, கழுத்தில் சிலுவையோடு அவரும் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வருவார். ஒவ்வொரு தண்ணீர்ப்பந்தலிலும் நின்று, அதை முதலில் போட்டது யார் என்று விசாரிப்பார். அவருக்கு நாற்காலி போட ஆட்கள் ஓடுவார்கள்.

அவரே பெரிய குடும்பம்தான். அவர்கள் பகுதியில் இருந்த சின்ன மாதா கோயிலைக் கட்டியது அவருடைய கொள்ளுத்தாத்தா என்று சுவரில் கல் பதித்திருந்தது. பூசையில் முன்வரிசை எப்போதும் அவர்கள் வீட்டுக்குத்தான்.

கோயிலின் ஆண்டு விழா வந்தது. சரித்திரத்தைப் பேசச் சொல்லி ஃபாதர் டாக்டரைக் கேட்டுக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் முட்டி வலி என்று அந்தோணியம்மா வந்தார். அவர்கள் ஆட்கள் அந்தக் காலத்தில் சலவைத் தொழில் செய்தவர்கள். டாக்டர் வழக்கம்போல் பழைய கதையைக் கேட்டார்.

"கோயிலு நிக்கிற எடம் எங்க ஆளுங்க துணி காயப்போட்ட எடம் டாக்டர். அவங்கதான் குடுத்தாங்க. மண்ணு சுமந்து கட்டுனதும் அவங்கதான். உங்க கொள்ளுத்தாத்தா இங்கிலீஷ் தெரிஞ்சவரு, ஆபீசுல எழுதுற கிராணி. அனுமதி கேட்டு வெள்ளைக்கார துரைகிட்ட பேசப் போனாரு... கல்லுல அவரு பேரு ஏறிடுச்சு."

"இத ஏம்மா இத்தன நாளா யாரும் சொல்லல?"

"சொல்லி? எங்கள கடைசி பெஞ்சிலதான ஒக்கார வச்சாங்க."

அன்று டைப்ரைட்டர் சத்தமே கேட்கவில்லை.

அதன்பிறகு கிளினிக் முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு அந்தக் குடும்பங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் போனார். தனித்தனியாகக் கேட்டும் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். நில ஆபீசிலும் பார்த்தார். அங்கேயும் அதேதான்.

விஷயம் அவருடைய அக்காவுக்கு எட்டியது. ஃபிலோமினா டீச்சர். நேராக கிளினிக்குக்கு வந்துவிட்டார். மருந்து கொடுக்கும் ஜன்னல் வழியே எனக்கு எல்லாம் கேட்டது.

"நம்ம குடும்பத்துக்கு இருக்கிறது அந்தப் பேரு ஒண்ணுதான் இன்னாசி. அதையும் நீயே அழிக்கணுமா?"

"அழிக்கலக்கா. விட்டுப்போன பேருங்கள சேக்கிறேன்."

"வேற யாராச்சும் சொல்லட்டும்லா. நீ ஏன்?"

"ஊர்ல எல்லார் வீட்டுக் கதையையும் கேட்டு எழுதறேன். நம்ம வீட்டுக் கதைய மட்டும் மறைச்சா, நான் எழுதுறத யாரு நம்புவா?"

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். பூசை முடிந்து பக்கத்து மண்டபத்தில் கூட்டம். டாக்டர் எழுந்து தண்ணீர் கிளாஸை மேசையில் வைத்தார்.

"இந்தக் கோயில எங்க கொள்ளுத்தாத்தா கட்டல," என்று ஆரம்பித்தார்.

பிறகு கட்டியவர்களின் பெயர்களை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கடைசி வரிசையில் அந்தோணியம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். முன்வரிசையில் டீச்சர் எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

அதற்குப் பிறகு பழைய குடும்பங்கள் சில வேறு டாக்டரைப் பார்க்க ஆரம்பித்தன. மத்தியானத்தில் எங்கள் பெஞ்சு காலியாகக் கிடக்கும்.

"கஷ்டமா இல்லியா டாக்டர்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"இருக்கும்மா. அக்கா பேசாம இருக்கிறதுதான் ரொம்பக் கஷ்டம்." மறைக்காமல் சொன்னார்.

ஃபாதர் தயங்கித் தயங்கி, கடைசியில் எல்லாப் பெயர்களோடும் புதுக் கல் பதித்தார்.

பல மாதம் கழித்து ஒரு காலையில் ஃபிலோமினா டீச்சர் வந்தார். நேரே உள்ளே போகச் சொன்னேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, நம்பர் வாங்கிக்கொண்டு எல்லாரோடும் உட்கார்ந்தார். முறை வந்ததும் போனார். டாக்டர் பிரஷர் பார்த்தார்.

கிளம்பும்போது கதவைப் பிடித்துக்கொண்டு டீச்சர் சொன்னார்:

"புதுக் கல்லுல ஒரு பேரு தப்பு. சவரியம்மா இல்ல, சூசையம்மா. அப்பா சொல்லியிருக்காரு."

அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது... அக்காவுக்கும் இத்தனை வருஷமாகத் தெரிந்திருக்கிறது.

டாக்டர் கோபிப்பார் என்று நினைத்தேன். எழுந்து போய் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஒக்காருக்கா. அப்பா வேற என்ன சொன்னாரு?"

வெளியே இருந்தவர்களிடம், கொஞ்சம் நேரமாகும் என்று நான் சொல்லிவிட்டேன். உள்ளே டீச்சர் அழுதுகொண்டே பேசுவது கேட்டது. அந்தப் பெயரும் பிறகு திருத்தப்பட்டது.

டாக்டரும் இல்லை, டீச்சரும் இல்லை இப்போது. கிளினிக் இருந்த இடத்தில் காப்பிக் கடை, வாசலில் டூரிஸ்டுகள் படம் எடுக்கிறார்கள். நான் கடலுக்கு இந்தப் பக்கம், பிறை ஊரில் மகன் வீட்டில் இருக்கிறேன்.

சரித்திரம் இப்போது போனிலேயே வருகிறது. காலையில் வாட்ஸ்அப் திறந்தால் ஏதாவது ஒரு குடும்ப குரூப்பில் பழைய போட்டோ. எல்லார் தாத்தாவும் ஊருக்கே பெரிய மனிதர். நானும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

தன் வீட்டுப் பெருமையைச் சபையில் எழுந்து நின்று குறைத்துச் சொன்ன மனிதரிடம் நான் வேலை பார்த்திருக்கிறேன்... அப்படி யாராவது இப்போதும் இருந்தால் சொல்லுங்கள். ஃபெரி ஏறி வந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.