துவக்குக்குப் பிடி பார்த்த கதை

என் கணவர் சோறு அவிக்கிற மின்சாரப் பானை ஒன்று வாங்க நான்கு மாதம் எடுத்தவர். மூடியின் பிடி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று மட்டும் இரண்டு கிழமை யோசித்தார். அதனால் துவக்கு ஒன்றைப் பகுதி பகுதியாகத் தெரிந்தெடுத்துச் செய்விக்கப்போகிறேன் என்று அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டின்போது அறிவித்தபோது எனக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. இது முடிவதற்குள் இரண்டு பேரும் ஓய்வூதியம் எடுத்துவிடுவோம் என்று நினைத்து இன்னொரு தோசை போட்டுக் கொடுத்தேன்.

நாங்கள் இருப்பது மியூனிக்குக்கு வடக்கே ஒரு சிறிய ஊரில். அவர் தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தோடு வேலை செய்கிறார். மில்லிமீற்றரை நூறாகப் பிரித்து அதில் ஒன்று பிழைத்தாலும் முகம் சுருங்கிவிடும். ஏழு வருடத்துக்கு முன்பு அவருடைய மேலாளர் அவரை ஊர்த் துப்பாக்கிச் சுடுகலைக் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கேதான் தன்னுடைய கை நடுங்குவதில்லை என்பதை என் கணவர் ஐம்பது வயதில் கண்டுபிடித்தார். கழகத்தில் ஒரே தமிழர் அவர்தான். கழகம் கூடுகிற வெள்ளிக்கிழமைகளில் அவர் மரக்கறி என்பதால், எல்லோரும் பன்றி இறைச்சி சாப்பிட அவருக்கு மட்டும் உருளைக்கிழங்குச் சலாட் தனியாக வரும். அந்த மரியாதையிலேயே மனிதர் பாதி மயங்கிவிட்டார்.

இப்போது கழகத்துத் துவக்கு போதாதாம். சொந்தமாக ஒன்று வேண்டுமாம், அதுவும் பாதித் தானியங்கி. விசையை ஒவ்வொரு தரமும் அழுத்தத்தான் வேண்டும், ஆனால் அடுத்த தோட்டா தானாக வந்து நிற்கும். இதை அவர் எனக்கு விளங்கப்படுத்தினார். யாழ்ப்பாணத்தில் பதினேழு வயதுவரை இருந்துவிட்டு, பெரிய சண்டைகள் தொடங்குவதற்குள் கிழக்கு பெர்லினில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியவர், பதினைந்து வருடம் கழித்து அதே ஊரிலிருந்து வந்த எனக்கு, எது ஒவ்வொன்றாக வெடிக்கும், எது தொடர்ந்து வெடிக்கும் என்று விளங்கப்படுத்தினார். நான் தலையாட்டிக் கேட்டேன். கலியாணம் செய்தால் இப்படிச் சில பாடங்களை இரண்டாம் தரமும் படிக்க வேண்டும்.

அவர் அந்தக் காலத்தில் அகதி அந்தஸ்துக்கு எழுதிய விண்ணப்பத்தில், இங்கே அந்திராக் என்பார்கள், ஒரு கேள்வி இருந்ததாம்: எப்போதாவது ஆயுதம் தொட்டதுண்டா? இல்லை என்று எழுதினார். அது உண்மை. அதிகாரி நம்புவதற்கு ஒன்றரை வருடம் எடுத்தது. இப்போது துவக்குக்கு அந்திராக். ஒழுங்காக, மாதம் தவறாமல் ஆயுதம் தொடுகிறேன் என்று ஒரு சிறிய புத்தகத்தில் கையெழுத்து வாங்கி நிரூபிக்க வேண்டும். ஒரே நாடு, ஒரே ஆள், கையெழுத்துக்கூட மாறவில்லை.

அதோடு தேவையையும் நிரூபிக்க வேண்டும். ஜெர்மன் மொழியில் பெட்யூர்ஃப்னிஸ் என்று சொல்வார்கள். நான் காது பார்க்கப் போகும் முதியோர் இல்லத்தில் என் வாடிக்கையாளர்கள் மலசலகூடத்துக்குப் போக வேண்டுமென்றால் நாகரிகமாகச் சொல்வதும் இந்தச் சொல்லைத்தான். என் கணவரின் தேவையும் அந்த அளவு அவசரமாகத்தான் இருந்தது.

இன்னொரு விதியும் இருந்தது. அதை அவர் வாசித்துக் காட்டியபோது நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னேன். விளையாட்டுக்கு வாங்கும் துவக்கு போர் ஆயுதம்போலத் தோற்றமளிக்கக்கூடாதாம். எது போர் ஆயுதம்போல இருக்கிறது, எது இல்லை என்று பார்த்துச் சொல்ல ஓர் அலுவலகம் இருக்கிறதாம். அவர் விரும்பிய மாதிரிக்கு, அது அப்படித் தோன்றவில்லை என்று கடிதமே இருந்தது. படத்தைக் காட்டினார். கறுப்பாக, ஒல்லியாக இருந்தது. கடிதம் எழுதியவர்கள் நல்ல மனிதர்களாகத்தான் இருப்பார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அதன் பிறகு எங்கள் சாப்பாட்டு மேசையில் சாப்பிட இடம் இல்லாமல் போனது. குழலுக்கு ஒரு பட்டியல், விசைக்கு ஒரு பட்டியல், குறிபார்க்கும் கண்ணாடிக்கு மூன்று. ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டு, கூட்டி, அடுத்த நாள் அழித்து, மறுபடியும் போட்டார். "இந்தக் குழல் நல்லது, ஆனா அந்த விசையோடை ஒத்துவராது போலை" என்று கவலைப்படுவார். எங்கள் கலியாணத்துக்கு அவர் பார்த்தது ஒரு படமும் ஒரு சாதகமும் மட்டும்தான். அதையும் அவருடைய அக்காதான் பார்த்தார்.

என் தொழிலையும் சொல்ல வேண்டும். நான் காது கேட்கும் கருவி பொருத்துகிறவள். நாற்பது வயதில் இதற்கு அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, செய்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் பதினெட்டு வயதுப் பிள்ளைகள். ஏன் இந்தத் தொழில் என்று கேட்கிறவர்களுக்கு, இடம் காலியாக இருந்தது என்று சொல்வேன். என் அப்பாவுக்கு இடது காது கேட்காது. சின்ன வயதில் காதில் சீழ் வைத்தது என்பது எங்கள் வீட்டு உத்தியோகபூர்வ விளக்கம். கலியாணப் பேச்சிலும் அதைத்தான் சொன்னோம். என் கணவர் இருபத்தைந்து வருடமாக அப்பாவோடு தொலைபேசியில் கத்திக் கதைப்பது அந்தச் சீழை நம்பித்தான். சுடும்போது அவர் காதில் வைக்கிற அடைப்பான்களையும் நான்தான் அச்செடுத்துச் செய்து கொடுத்தேன். கழகத்திலேயே நல்ல அடைப்பான் அவருடையது.

இந்தச் சமயத்தில்தான் பக்கத்து நகரமான கார்ஹிங்கில் வேலை செய்கிற ஒரு தமிழ்நாட்டுத் தம்பியும் அவருடைய மனைவியும் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். உ-பான் சுரங்க ரயிலில் தினமும் ஒரே பெட்டியில் ஏறி என் கணவருக்குப் பழக்கமானவர். மேசையில் இருந்த பட்டியல்களை நான் ஒதுக்கிவைப்பதைப் பார்த்து, என்ன அண்ணே இவ்வளவு பேப்பர் என்று கேட்டார்.

"இப்ப முழு யோசனையும் துவக்கிலைதான், தம்பி" என்றார் என் கணவர்.

தம்பியின் முகம் மலர்ந்தது. "சூப்பர்ணே! இந்த வயசுல துவக்கணும்னு தோணுதே, அதுவே பெரிய விஷயம். லைசன்ஸ் எல்லாம் ஆச்சா?"

"அதுக்குத்தான் அந்திராக் போட்டிருக்கிறன். தேவை இருக்கெண்டு காட்டவேணும்."

"கண்டிப்பா. மார்க்கெட்ல தேவை இருக்கான்னுதான் மொதல்ல கேப்பாங்க. டார்கெட் என்ன வச்சிருக்கீங்க?"

"முதல் ஐம்பது மீற்றர். கை பழகினாப் பிறகு நூறு."

தம்பி கொஞ்சம் திணறினார், ஆனால் விடவில்லை. "ஓ, ஏதோ டிவைஸ் பண்றீங்களா?"

"ஓம். சாமான் ஒவ்வொண்டா நான் தெரிஞ்செடுக்கிறன். பொருத்தித் தர ஒரு ஆள் இருக்கிறார். செமி ஓட்டோமற்றிக்."

"ஆட்டோமேஷன்! அதாண்ணே இப்ப எல்லாமே."

நான் சமையலறை வாசலில் கறிச் சட்டியோடு நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். துவக்கு என்றால் எங்களுக்குத் துப்பாக்கி, அவர்களுக்கு ஆரம்பி; தம்பி புதுக் கம்பெனி என்று நினைத்துவிட்டார். எங்கள் ஊரில் அதைத் தூக்கியபோதுதான் எல்லாம் ஆரம்பித்தது, அதனால் சொல்லில் பெரிய பிழை இல்லை என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன். கடைசியில் அந்தப் பிள்ளையின் மனைவிதான், "ஏங்க, அண்ணன் துப்பாக்கியச் சொல்றார்னு நெனைக்கிறேன்" என்றாள்.

என் கணவர் மேசைக்கு அடியிலிருந்து படத்தை எடுத்துக் காட்டினார். தம்பி நன்றாயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே கதிரையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினார். அந்தப் பெண் படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"அக்கா, உங்களுக்குப் பயமா இல்லையா?"

ஏழு வருடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. "எனக்கென்ன பயம்? இன்னும் ரெண்டு இடியப்பம் வைக்கட்டோ?" என்றேன். ரெண்டு என்று சொல்லி நான்கு வைத்துவிட்டேன். நடுங்காத கை எங்கள் வீட்டில் ஒன்றுதான்.

பயம் இருந்தது. இப்போது சொல்கிறேன். சீழ் என்பது பொய். எனக்குப் பதினொரு வயது. அப்பாவின் சைக்கிளில் முன்னால் இருந்தேன். சோதனைச் சாவடியில் இறங்கச் சொன்னார்கள். அப்பா இறங்கக் கொஞ்சம் பிந்தினார், என்னை இறக்கிவிட்டு இறங்கியதால். சீருடைக்காரன் ஒருவன் துவக்குப் பிடியால் அவருடைய இடது காதில் அடித்தான். எந்தச் சீருடை என்று சொல்லமாட்டேன், அந்தக் காலத்தில் சீருடைகளுக்குக் குறைவில்லை. அன்றிலிருந்து அப்பாவுக்கு அந்தக் காது கேட்பதில்லை. யாரிடமும் சொல்லக்கூடாது, சொன்னால் மறுபடி வீட்டுக்கு வருவார்கள் என்று அம்மா பயந்து, சீழ் என்று சொல்லப் பழக்கினார். பழகிவிட்டோம். துவக்கின் அந்தப் பின்பகுதிக்கு எங்கள் தமிழில் பிடி என்றுதான் பெயர், ஆனால் அந்தச் சொல்லை நான் தனியாகக் கேட்டதே இல்லை. பிடியால் என்றுதான் வரும். பிடியால் அடித்தான், பிடியால் இடித்தான்.

இப்போது எங்கள் வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே முடிவும் அந்தப் பிடிதான். குழல், விசை, கண்ணாடி எல்லாம் தீர்ந்துவிட்டது. அக்ரூட் மரத்தில் ஒன்று, கறுப்புப் பிளாஸ்டிக்கில் ஒன்று. புள்ளி கூட்டிப் பார்த்தால் இரண்டும் சமமாம். "நீர் ஒருக்கா வந்து பாரும். உமக்குத்தான் இந்த அளவு, அச்சு எல்லாம் தெரியும்" என்றார். பிறகு மெதுவாக, "நீர் வேண்டாமெண்டா வேண்டாம்" என்றும் சொன்னார். துவக்கை முழுதாகவே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வழி திறந்திருந்தது. நான் அந்த வழியைப் பார்த்துவிட்டு, "வாறன்" என்றேன்.

கடைக்காரர் எழுபது வயதுக்கு மேற்பட்ட பவேரியக்காரர். சனிக்கிழமை எங்களுக்கென்று டெர்மின் போட்டு நேரம் ஒதுக்கியிருந்தார். அவருடைய காதுக் கருவி வேறு கடையில் பொருத்தியது, சரியாக இருக்கவில்லை, விசிலடித்தது. மேசையில் நகைக் கடையில்போலப் பச்சைத் துணி விரித்து, இரண்டு பிடிகளையும் வைத்தார். துவக்கு இல்லை, பிடி மட்டும். எடுத்துப் பாருங்கள், பொருந்துகிறதா என்று எனக்குத்தான் முதலில் சொன்னார்.

நான் கறுப்பை எடுத்தேன். பாரம் இல்லை. பின்பக்கத்தில் கெட்டியான றப்பர் ஒட்டியிருந்தது. பெருவிரலால் அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன், தினமும் வேலையில் செய்வதுபோல. பிறகு பொருந்துகிறதா என்று வைத்துப் பார்த்தேன்.

கடைக்காரர் சிரித்தார். "தோளில், அம்மணி. தோளில்."

"என்னப்பா, என்ன செய்யிறீர்?" என்றார் என் கணவர். "ஏன் காதிலை வைக்கிறீர்?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. றப்பர் இடது காதை முழுதாக மூடி, மேல் ஓரம் கன்னத்து எலும்பில் முட்டிக்கொண்டு நின்றது. இதைவிடப் பொருத்தமான அச்சை என் தொழிலில் நான் எடுத்ததில்லை.

"இது இங்கைதான் வரும்" என்றேன். "அப்பாவுக்கு இங்கைதான் வந்தது."

தமிழில்தான் சொன்னேன். கடைக்காரர் தனக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக் கருவியைத் திருகினார், அது விசிலடித்தது. என் கணவர் என் கையிலிருந்து பிடியை வாங்கித் துணியில் வைத்தார். வைத்த பிறகும் அதை நேராக்கிக்கொண்டு நின்றார், மேசை விளிம்போடு சமமாக வரும்வரை. பிறகு கடைக்காரரிடம் நன்றி சொன்னார், திரும்ப வருவோம் என்று சொல்லவில்லை.

திரும்பும் வழியில் காரை அவர்தான் ஓட்டினார். நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் இடத்தில், "சீழெண்டல்லோ சொன்னவை" என்றார்.

"கலியாணப் பேச்சிலை வேறை என்னத்தைச் சொல்லுறது?"

"அது அப்ப. பிறகு இருபத்தைஞ்சு வருசம் இருந்ததே."

அழுதேன். அவர் காரை ஓரமாக நிறுத்தி, அபாய விளக்கைப் போட்டு, விதிப்படி எச்சரிக்கை முக்கோணத்தையும் எடுத்துக்கொண்டுபோய் அளந்து வைத்துவிட்டு வந்து பக்கத்தில் இருந்தார்.

துவக்குக்காக வாங்கிய இரும்புப் பெட்டியில் இப்போது எங்கள் கடவுச்சீட்டுகளும் என் தாலிக்கொடியும் இருக்கின்றன. அந்திராக்கைத் திருப்பி எடுக்கவும் ஓர் அந்திராக் இருந்தது, அதையும் நிரப்பினார். கழகத்துக்கு இன்னும் போகிறார், கழகத்துத் துவக்கால் சுடுகிறார், சலாட் சாப்பிட்டுவிட்டு வருகிறார். நான் அதைக் கேட்பதில்லை, அவரும் விளங்கப்படுத்துவதில்லை.

கடைக்குப் போய் வந்த அடுத்த ஞாயிறு வழக்கம்போல அப்பாவுக்கு வீடியோவில் அழைத்தோம். தொலைபேசியை மேசையில் நிறுத்தி, தனி ஒலிபெருக்கி ஒன்றை வலது காதில் ஒட்டிவைத்து அப்பா பக்கவாட்டில் இருந்ததால் எங்களுக்குத் தெரிந்தது இடது காது. என் கணவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கத்தவில்லை. மருமகன் ஏதோ துவக்கு செய்விக்கிறார் என்று முன்பே கேள்விப்பட்டிருந்த அப்பா, மரியாதைக்கு விசாரித்தார்.

"தம்பி, உங்கடை துவக்கு வேலை எந்த மட்டிலை?"

"அது இன்னும் துவங்கேல்லை, மாமா. இனித் துவங்கவும் மாட்டன்."

மெதுவாகச் சொன்னதால் அப்பாவுக்குப் பாதிதான் கேட்டது.

"ஓம் ஓம், துவங்குங்கோ" என்றார் சந்தோசமாக. "நல்ல நாள் பாத்துத் துவங்குங்கோ."

என் கணவர் திரையில் தெரிந்த அந்தக் காதைப் பார்த்தபடி தலையாட்டினார். "ஓம் மாமா" என்றார்.