முதல் சர்வீஸ் போட நெய்வேலிக்கு

இந்த 2016 பிப்ரவரியில், போன சனிக்கிழமை நெய்வேலிக்குப் போய்வந்தேன். எங்கள் பழைய விளையாட்டு மன்றத்தின் ஆண்டு விழாவில், பெண்கள் பூப்பந்து இறுதி ஆட்டத்தைத் தொடங்கி வைக்கக் கூப்பிட்டிருந்தார்கள். நகரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, ஒருமுறையாவது திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்கள் பலர் இந்த வலைப்பூவைப் படிக்கிறீர்கள். உங்களுக்காக வழியும் செலவும் எழுதுகிறேன். கூடவே என் பயத்தையும் எழுதியாக வேண்டும். வழி நெடுக என்னோடு வந்தது அதுதான்.

என் வலது கை ஒரு வருடமாக நடுங்குகிறது. காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறேன். பெங்களூரில் இருக்கும் மகனிடம் இதைச் சொல்லவில்லை. டாக்டரிடமும் போகவில்லை.

எங்கள் மன்றத்தில் தொடங்கி வைப்பது என்றால் ரிப்பன் வெட்டுவதோ குத்துவிளக்கு ஏற்றுவதோ இல்லை. மன்றத்தின் மூத்த ஆட்டக்காரர் நம் அணிக்காக முதல் சர்வீஸ் போட வேண்டும். அது வெறும் சம்பிரதாயம் அல்ல, ஆட்டத்தின் கணக்கில் சேரும். ஃபால்ட் ஆனால் அந்த சர்வீஸ் போனது போனதுதான். முதல் ஷிப்ட் முடித்து ஓடி வந்த தொழிலாளிகள் ஆரம்பித்த மன்றம் அது. இருட்டுவதற்குள் ஆடி முடிக்க வேண்டும், விழாவுக்கென்று தனியாக நேரம் கிடையாது. அதனால் அப்படி வைத்தார்கள். இந்த முறை இறுதி ஆட்டம் பண்ருட்டிப் பெண்களோடு. என் கையால் நம் பெண்கள் ஒரு சர்வீஸை இழக்கக்கூடாது.

செயலாளர் போனில் கேட்டபோது உடனே சரி என்றேன். போனை வைத்த பிறகுதான் கையின் நினைவு வந்தது. இரண்டு வாரம் காலையில் மொட்டை மாடியில், மற்ற வீட்டுக்காரர்கள் எழுந்திருப்பதற்கு முன், சுவரில் சாக்பீஸால் வலை உயரத்துக்குக் கோடு போட்டுப் பழகினேன். சில நாள் பந்து கோட்டுக்கு மேலே போகும். சில நாள் என் காலடியிலேயே விழும். எந்த நாள் எப்படி என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை.

கோயம்பேட்டில் காலை ஏழு மணிக்குக் கும்பகோணம் பஸ் ஏறினேன். நெய்வேலி ஆர்ச் கேட் சுமார் இருநூறு கிலோமீட்டர், டிக்கெட் நூற்று முப்பது ரூபாய். மட்டையின் கைப்பிடி பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. கண்டக்டர் அதையே பார்த்தார்.

"என்ன ஆயா, கொசு பேட்டா? சார்ஜ் ஏத்திட்டீங்களா?"

"பூப்பந்து மட்டை. ஆர்ச் கேட் ஒண்ணு குடுங்க."

"பேரப்பிள்ளைக்கா?"

"எனக்கு."

அவர் மீதிச் சில்லறையை மறக்காமல் கொண்டுவந்து கொடுத்தார்.

என் வயதுப் பெண்கள் கவனிக்க: விழுப்புரத்துக்கு முன் பஸ் நிற்கும் மோட்டலில் கழிப்பறைக்கு ஐந்து ரூபாய் வாங்குகிறார்கள், தண்ணீர் இல்லை. பஸ் ஏறும் முன்பே போய்விடுங்கள். பண்ருட்டிக்கு அப்புறம் சாலை குறுகல், லாரிகள் அதிகம். ஆர்ச் கேட்டில் இறங்கும்போது மணி பன்னிரண்டரை.

மெயின் பஜாரில் சாப்பிட்டுவிட்டு மைதானத்துக்கு ஆட்டோ பிடித்தேன். எண்பது கேட்டார், எழுபதுக்கு ஒத்துக்கொண்டார். டிரைவர் கம்மாபுரம் பக்கத்துக்காரர். நாற்பது வயது இருக்கும்.

"எங்க நெலம் மைன்ஸுக்குப் போயிடுச்சுங்க. அண்ணன் பர்மனன்ட் ஆயிட்டாரு. நான் கான்ட்ராக்டுல இருந்து பாத்தேன், சரிப்படல. இப்ப இத ஓட்டிகினு இருக்கறேன். கிளப்புல கபடி ஆடுனவன்தாங்க நானும். என்னோட ஆடுனவன் ரெண்டு பேரு போலீசுக்குப் போயிட்டானுங்க. எனக்கு முட்டி போயிடுச்சு. நீங்க மேட்ச் பாக்க வந்தீங்களா?"

"ஆட வந்திருக்கேன்."

கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். "அப்ப மெதுவா போறேங்க," என்று சொல்லி, வேகத்தடைகளில் வண்டியைப் பூப்போல ஏற்றி இறக்கினார்.

மைதானம் குவார்ட்டர்ஸுக்கு நடுவே, முந்திரி மரங்களை வெட்டிச் சமன் செய்த இடம். முதலில் வாலிபால் மட்டும் இருந்தது. பிறகு கபடி, ஹாக்கி, ஓட்டப் பந்தயம் என்று சேர்ந்துகொண்டே போனது. எல்லா மாவட்டத்திலிருந்தும் வந்த குடும்பங்கள் ஒருவர் பெயரை ஒருவர் தெரிந்துகொண்டது இங்கேதான். ஹாக்கியில் மாநில அணி வரை போனவர்கள் உண்டு. விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலும் போலீசிலும் வேலை வாங்கியவர்கள் உண்டு.

பெண்கள் அணி பிறந்த கதை வேறு. நைட் ஷிப்ட் முடித்து வந்த கணவர்கள் பகலில் தூங்க வேண்டும். இரண்டு அறை வீட்டில் குழந்தைகளை வைத்துக்கொண்டு அது நடக்காது. அதனால் நாங்கள் குழந்தைகளை இழுத்துக்கொண்டு மைதானத்துக்கு வருவோம். சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று வலையைக் கட்டினோம். என் கணவர் அனல் மின் நிலையத்தில் இருந்தார். அவர் தூங்கிய தூக்கத்தில்தான் நான் கேப்டன் ஆனேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடி, மாவட்டக் கோப்பையை இரண்டு முறை வாங்கினோம். கடலூர் கான்வென்டில் படித்தவள் என்பதால் விதிகளை நான்தான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தேன். அம்பயர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. என்னிடம் யாரும் சலுகை வாங்கியதில்லை.

செயலாளர் மாசிலாமணி வாசலிலேயே நின்றிருந்தார். அந்தக் காலத்து வாலிபால் ஆட்டக்காரர், ஃபோர்மனாக ஓய்வு பெற்றவர். "வாங்கம்மா, வாங்க," என்று நாற்காலி போட்டார். டீ வந்தது. வேண்டாம் என்றேன். டம்ளர் தட்டில் கடகடவென்று ஆடினால் என்ன ஆவது?

மூன்று மணிக்குக் கடல் காற்று எழும்பிவிட்டது. பூப்பந்து கம்பளி நூலால் ஆனது, காற்றில் நகர்ந்துவிடும். நான் ஆடுகளத்துக்குள் போய் நின்றேன். சுற்றிலும் இருநூறு பேராவது இருப்பார்கள். கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டேன். இல்லாவிட்டால் மட்டை ஆடுவது எல்லோருக்கும் தெரிந்துவிடும். காற்று ஓயட்டும் என்று காத்திருந்தேன். காற்று ஓய்ந்தது, கை ஓயவில்லை. மூச்சை இழுத்து, பந்தை விட்டு, அடித்தேன்.

பந்து வலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் போய், எதிர்ப் பக்கத்துக் கட்டத்துக்குள் விழுந்தது. அந்தப் பக்கத்துப் பெண் அதைத் தொடக்கூட இல்லை. கூட்டம் கை தட்டியது.

விசில் கேட்டது. அம்பயர் நாற்காலியில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கையை நீட்டி என் காலைக் காட்டினாள்.

"ஃபுட் ஃபால்ட்டுங்க."

கை தட்டல் பாதியில் நின்றது. மாசிலாமணி ஓடி வந்தார். "ஏம்மா கவிதா, யாருன்னு தெரியுமா உனக்கு? அம்மாதான் இங்க லேடீஸ் டீமையே ஆரம்பிச்சவங்க. இன்னொண்ணு போடச் சொல்லு."

"தெரியுங்க சார். ஆனா கால் லைன் மேல இருந்துதுங்க." விசிலை விடாமல் பிடித்திருந்தாள்.

கூட்டத்தில் யாரோ, "வயசானவங்ககிட்ட போய் ரூல் பேசிகினு," என்றார்கள்.

நான் குனிந்து பார்த்தேன். என் கான்வாஸ் ஷூவின் முனையில் சுண்ணாம்பு. கையையே பார்த்துக்கொண்டிருந்தவள் காலைப் பார்க்கவில்லை. இன்னொன்று போட எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

"கால் கோட்டுல இருக்கு, மாசிலாமணி. சர்வீஸ் அவங்களுக்கு," என்றேன்.

மட்டையை வாங்க வந்த நம் அணிக் கேப்டனிடம், "ஒண்ணு போக்கிட்டேன்," என்றேன். அவள் மட்டையை வாங்காமல் முதலில் என் கையைத்தான் பிடித்தாள். அது இப்போது எல்லோரும் பார்க்கும்படி ஆடிக்கொண்டிருந்தது. "அத நாங்க எடுத்துக்கறோம்மா. நீங்க நெழல்ல உக்காருங்க," என்றாள். முதல் செட்டைப் பண்ருட்டி எடுத்தது. அடுத்த இரண்டும் நம்முடையவை. நடுவில் கவிதா நம் பெண்களுக்கு எதிராக இன்னும் இரண்டு ஃபால்ட் கொடுத்தாள். இரண்டும் சரியானவை, நானும் பார்த்தேன்.

ஆட்டம் முடிந்ததும் மாசிலாமணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அடுத்த வருஷமும் நீங்கதாம்மா."

"கை நடுங்குது, மாசிலாமணி." யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொல்லிவிட்டேன்.

"தெரியும்மா. டீ வேணாம்னு சொன்னப்பவே தெரியும். எங்கூட்டுக்காரிக்கும் இருக்குது. மாத்திரை போடறா, கோலமே போடறா இப்ப. போய்க் காட்டுங்க."

மாலை ஆறரைக்கு ஆர்ச் கேட்டில் சென்னை பஸ் கிடைத்தது. நின்றுகொண்டுதான் வந்தேன், விழுப்புரத்தில் இடம் கிடைத்தது. போகிறவர்கள் ஞாயிறு காலை திரும்புவது போல வைத்துக்கொள்ளுங்கள். தங்க இடம் வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். மைதானத்தில் நிழல் ஒரே பக்கம்தான், மூன்று மணிக்குள் போனால் நாற்காலி கிடைக்கும். உங்கள் காலத்துச் சாதனைகளை அங்கே இருக்கும் பிள்ளைகளிடம் நீட்டி முழக்காதீர்கள். அவர்களுக்கு ஆட வேண்டியிருக்கிறது.

டாக்டரிடம் புதன்கிழமை போகிறேன். மகனிடமும் சொல்லியாகிவிட்டது. கவலை தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அன்று மைதானத்திலிருந்து கிளம்பும்போது கவிதா வந்து தலை குனிந்து நின்றாள். "கோச்சுக்காதீங்கம்மா. பந்து நல்ல பந்துங்க. கால் மட்டும்தான்."

பந்து நல்ல பந்து. வேறு யார் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்கமாட்டேன்.