கதவுக்கு மேல் தொங்கிய நாகதாளி

பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் பாடசாலை வட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. நஸீரா ரீச்சர் காலமாகிவிட்டார். சில நாள் காய்ச்சல் என்று மட்டும் எழுதியிருந்தார்கள். எழும்பினால் பிள்ளை விழித்துவிடும். கதிரையில் அசையாமல் இருந்தேன். மகப்பேற்று விடுமுறையில் சீனன்குடா வீட்டில் இருக்கிறேன். கைக்குழந்தையோடு அவருடைய ஊரான குறிஞ்சாக்கேணிக்கு வெளிக்கிடுவதற்குள் ஜனாஸா அடக்கம் முடிந்துவிட்டது.

ஆசிரியர் அறையில் அவரோடு தேநீர் குடித்த சக ஆசிரியர்களான உங்களுக்கு அவருடைய சிரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கும் அவருக்கும் ஒரே பாடம், தாவரவியல். ஏறக்குறைய ஒரே வயது. நான் சொல்ல வந்தது, அவர் பிள்ளை பார்க்க என் வீட்டுக்கு வந்த நாளைப் பற்றி.

பிள்ளைக்குக் கண்ணூறு படக்கூடாது என்று மாமி கதவுக்கு மேலே நாகதாளிக் கள்ளித் துண்டொன்றைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார். உள்ளே வந்த ரீச்சரின் முக்காடு முள்ளில் மாட்டிக்கொண்டது.

“பாத்தீங்களா மாமி, காவலுக்குக் கட்டினா விருந்தாளியைப் பிடிக்குது!”

மாமி பதறிப்போனார். “கோவிக்காதேங்கோ பிள்ளை. மண்ணுமில்லை, தண்ணியுமில்லை, இலை இன்னும் பச்சையா நிக்குது. அவ்வளவு சக்தி அதுக்கு.”

“அது இலை இல்ல மாமி, தண்டு. இலைதான் முள்ளாப் போயிருக்கு.”

“முள்ளு இலையோ? இதையோ பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறியள்?”

ரீச்சர் விடவில்லை. இலை விரிந்தால் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். அதனால் சமையல் பொறுப்பைத் தண்டின் பச்சைத் தோலே எடுத்துக்கொண்டது. உள்ளே இருக்கிற கொழகொழத்த சதைதான் தண்ணீர்த் தாங்கி. மேலே மெழுகு பூசியிருக்கிறது. “பகலில வாயத் திறக்காது மாமி. இரவில திறந்து காத்தை உள்ளுக்கு எடுத்து வைக்கும். பகலில கதவைப் பூட்டிக்கொண்டு, வெயிலில சமைக்கும். உங்கட மருமகளைப் போல. இரவு முழுக்க எனக்கு மெசேஜ். பகலில கேட்டா, ‘நான் நல்லா இருக்கிறன்.’”

மாமி சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கணவர் கொழும்பில் வேலை. பிள்ளையின் நிறை ஏறவில்லை, மூச்சில் சத்தம் கேட்கிறது என்று எல்லாவற்றையும் ரீச்சருக்குத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

அவர் அந்தத் தண்டைத் தடவிப் பார்த்தார். “இது நல்லா இல்ல. சேத்து வச்ச தண்ணியக் குடிச்சுக் குடிச்சுத்தான் பச்சையா நிக்குது. மடிப்பு விழுந்திருக்கு பாருங்க.” பிறகு என் முகத்தைப் பார்த்தார். “நீங்க சாப்பிட்டீங்களா ரீச்சர்?”

வந்தவர்கள் எல்லாரும் பிள்ளை குடித்ததா என்றுதான் கேட்டார்கள். நான் “ஓம்” என்றேன். “பொய்” என்று சொல்லிவிட்டு, குசினிக்குப் போய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்தார்.

போகும்போது அந்தத் துண்டில் பாதியை வெட்டித் தந்தார். நான் உடனே பூச்சாடியைத் தூக்கினேன். “அவசரப்படாதீங்க. வெட்டின இடம் காயட்டும். ஈரத்தோட நட்டா அழுகிடும்.” காயவைத்து மணலில் நட்டேன். அது இப்போது புதிதாக ஒரு தண்டு விட்டிருக்கிறது.

அதன் பிறகு பாடசாலை இடைவேளையில் அவரிடமிருந்து மெசேஜ் வரும்: “தண்டுக்குத் தண்ணி கிடைச்சதா?” நான் சோற்றுக் கோப்பையைப் படமெடுத்து அனுப்புவேன்.

நேற்று, கதவுக்கு மேல் மிச்சமிருந்த பாதியை அவிழ்த்தேன். மாமி தடுப்பார் என்று நினைத்தேன். அவர் நான் ஏறி நின்ற கதிரையைப் பிடித்துக்கொண்டார். தண்டு பாரமே இல்லாமல் சுருங்கியிருந்தது. கயிறு இறுக்கிய பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு, மற்றதை நிழலில் வைத்திருக்கிறேன். இன்னும் நடவில்லை. காயட்டும்.

நஸீரா ரீச்சரிடமிருந்து என்னோடு இருப்பது அந்த இடைவேளைக் கேள்விதான். இன்றைக்கும் அந்த நேரத்துக்குக் கோப்பையில் சோறு போட்டேன். பழக்கத்தில் படமும் எடுத்துவிட்டேன். அனுப்ப ஆளில்லை.

சாப்பிட்டேன்.